இரண்டாவது வாகனம்

பிப்ரவரி 9

என் மகளுக்கு,

இங்கே நான் இருக்கிறேன், உன் அப்பா இருக்கிறார், அவர் காலில் வீக்கமும் இருக்கிறது. எல்லோரும் நலம் என்று எழுதினால் நர்சு வேலை பார்க்கிற நீ நம்பமாட்டாய்.

உன் வீட்டுக்காரர் உனக்குப் போனில் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் சொல்கிறபடிதான் நடந்தது என்று வைத்துக்கொள். நம் தெருவின் இரண்டு முனையிலும் பள்ளம் தோண்டி, தொடை பருமனில் மூன்று மூன்று இரும்புத் தூண் வைத்துவிட்டார்கள். காலை பத்து மணிக்குத் தரைக்குள்ளிருந்து எழுந்து நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு உள்ளே போய்விடுகிறது. நடுவில் உள்ள எட்டு மணி நேரமும் தெரு நடக்கிறவர்களுக்கு மட்டும். கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நடுத்தெருவில் நாற்காலி போட்டுவிட்டார்கள். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும், பிளவுஸ் தைக்க யாரும் காரில் வருவதில்லை, எனக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்கிறார்.

தலைவலி நமக்குத்தான். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் பதினொன்றரைக்கு டயாலிசிஸ். வாசலிலிருந்து தெருமுனை நானூற்று முப்பது காலடி. எண்ணிப் பார்த்தேன். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினாறு காலடி. அதற்கே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நிற்கிறார்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு விலக்கு அனுமதி உண்டாம். பெர்மிட் என்கிறார்கள். வண்டி நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டால், தூணுக்குப் பக்கத்தில் உள்ள கேமரா நம்பர் பலகையைப் படிக்கும். தெரிந்த நம்பர் என்றால் தூண் இறங்கும். தெரியாத நம்பர் என்றால் அசையாது. என்னைவிட வேகமாகப் படிக்கிறது.

சனிக்கிழமை சாயந்திரம் உன் வீட்டுக்காரர் வந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு, "அஞ்சு நிமிஷ வேலை அத்தை, இதுலயே போட்டுடலாம்" என்றார். வேண்டாம், காகிதத்திலும் விண்ணப்பம் கொடுக்கிறார்கள், நானே என் கையால் எழுதிக்கொள்கிறேன் என்றேன். அப்பா கட்டிலில் இருந்தபடி, "என்ன ஜட்ஜம்மா, அந்தப் பழைய கேஸ இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டுவிட்டு மூச்சு வாங்கச் சிரித்தார்.

எந்தக் கேஸ் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீயும்தான் அங்கே இருந்தாய். பதினான்கு வருஷம் ஐந்து மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் வீட்டுக்காரர் நம் வீட்டுக்கு வந்தது அது இரண்டாவது தடவை. நான் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். "அத்தை மொதல் பக்கத்த முடிக்கறதுக்குள்ள நாளைக்குப் பேப்பர் வந்துடும்" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நீயும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். பெற்ற பாவத்துக்கு உன்னை அன்றைக்கே விட்டுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியது நானா?

பேத்தியை அந்த நாட்டு வெயிலில் விடாதே. பதில் போடு. போனில் வேண்டாம், இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதிதான் விழுகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா

பிப்ரவரி 27

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் நேற்று வந்தது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பக்கத்தில் இருந்தவள் ஏன் சிரிக்கிறாய் என்றாள். எங்கள் வீட்டில் ஒரு நீதிமன்றம் நடக்கிறது, வாய்தா மேல் வாய்தா என்றேன்.

அம்மா, அந்தப் பேச்சை அவர் மறந்தே போய்விட்டார். நீ சொன்னால்தான் அவருக்கு நினைவு வரும். வந்தால் அவருக்கே வெட்கமாக இருக்கும். நானும் சின்னவளும் இங்கே இருக்க, அவர் மட்டும் அங்கே தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு ஏன் கிடக்கிறார் என்று யோசித்துப் பார். உங்கள் இரண்டு பேரையும் யார் பார்ப்பார்கள் என்றுதான்.

விண்ணப்பத்தை இங்கே கம்ப்யூட்டரில் பார்த்தேன். முதல் வாகனம், இரண்டாவது வாகனம் என்று இரண்டு வரி இருக்கிறது. முதல் வரியில், அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற டிரைவர் அண்ணனின் வேன் நம்பர். இரண்டாவதில் இவருடைய கார் நம்பரை எழுது. இவர் வேலை செய்கிற இடத்திலிருந்து நம் தெருமுனைக்கு ஒன்பது நிமிடம். இவரே ஓட்டிப் பார்த்து எனக்குச் சொன்னார்.

நான் சும்மா சொல்லவில்லை. தினமும் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால்தான் தேவலை என்று அப்பா சொன்னால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அன்றைக்கு வேன் இருக்குமோ இருக்காதோ. ஆம்புலன்ஸுக்குத் தூண் தானாக இறங்கும்தான், ஆனால் அது எப்போது வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்.

இரண்டாவது வரி, அம்மா. மறக்காதே. உனக்கு மறக்காது என்று எனக்குத் தெரியும்.

உன் மகள்

மார்ச் 14

என் மகளுக்கு,

பெர்மிட் வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு.

இரண்டு பஸ் மாறிப் போனேன். நாலாம் நம்பர் கவுண்டரில் பெரிய கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி. எனக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "யார் எழுதினது பாட்டி? எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். நான்தான் என்றேன். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாள். நீல ஃபைலில் வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரரின் காரையும் கேட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு வண்டிதான் என்று சொல்லிவிட்டாள். கம்ப்யூட்டரில் இரண்டு என்று போட்டிருக்கலாம். கம்ப்யூட்டரில் ஆயிரம் போடுவார்கள், கவுண்டரில் இருக்கிறவள் சொல்வதுதானே சட்டம். அதுவுமல்லாமல் அவர் கார் நம்பர் எனக்குத் தெரியவும் தெரியாது. அவரிடமும் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. பெரிய நஷ்டம் வந்த மாதிரி.

டிரைவரின் வேன் போதும். அவர் தொணதொணக்கமாட்டார், எதையும் எடுத்துப் படிக்கவும் மாட்டார். முதல் நாள் தூணுக்கு முன்னால் வேன் போய் நின்றதும் மூன்று தூணும் சர்ரென்று உள்ளே போயின. உன் அப்பா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, மந்திரி போகிற மாதிரி இரண்டு பக்கமும் கும்பிடு போட்டார். நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் திரும்பக் கும்பிட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உன் அம்மா

ஏப்ரல் 6

அன்புள்ள அம்மா,

அப்பா கும்பிட்டதைச் சின்னவளுக்கு நடித்துக் காட்டினேன். அவள் தூண்களைப் படம் வரைந்திருக்கிறாள், தாத்தாவுக்குக் கிரீடம் வைத்து. இதோடு அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வண்டிதான் என்று சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் ஆபீஸ் என்றால் இப்படித்தான். செப்டம்பரில் புதுப்பிக்கும்போது விடாமல் கேள்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நான் ஒன்றாம் வகுப்புக்குப் போன பஸ்ஸின் நம்பரை இன்றைக்கும் சொல்லுகிறவள் நீ. எட்டு வருஷமாக வாசலில் வந்து நிற்கிற கார் நம்பர் தெரியாதா? சரி, வயதாகிறது. விடு.

உன் மகள்

ஜூன் 21

அம்மா,

திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டேன். டயாலிசிஸ் வார்டில் மட்டும் என்னைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்கள்.

அப்பா காரியத்துக்கு வந்து பதினோரு நாள் அங்கே இருந்தேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதிலும் நாற்காலி எடுத்துப் போடுவதிலும் போய்விட்டது. நீயும் நானும் உட்கார்ந்து பேசவே இல்லை. என் வீட்டுக்காரரைக் கேட்டபோதெல்லாம், "போனேன், தூக்கினேன், முடியல" என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று தோன்றுகிறது.

உனக்கு எதுவும் மறக்காது. அன்றைக்கு என்ன நடந்தது என்று நிமிடம் விடாமல் எழுது. நான் தாங்குவேன். இங்கே ஒவ்வொரு நாளும் பிறத்தியாருடைய அப்பாக்களின் சாவைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் மகள்

ஜூலை 6

மகளே,

நீ கேட்டதால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை டயாலிசிஸ் நடந்தது. அடுத்தது செவ்வாய். நடுவில் இரண்டு நாள் இடைவெளி. திங்கட்கிழமை காலையில் முகம் ஊதியிருந்தது. இரண்டு வாய் கஞ்சி குடித்தார். பன்னிரண்டு மணிக்குப் படுத்தார், உடனே எழுந்தார். மறுபடி படுத்தார், எழுந்தார். "படுக்க முடியல" என்றார். உன் கடிதம் நினைவுக்கு வந்தது. தலையணையை முதுகுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கித் தையல்காரரிடம் போன் போடச் சொன்னேன். அவர் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து.

ஆம்புலன்ஸுக்குப் போட்டார். நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். டிரைவருக்குப் போட்டார். அவர் வெளியூர்ச் சவாரியில் இருந்தார். உன் வீட்டுக்காரருக்குப் போட்டார். அப்போது பன்னிரண்டு பதினாலு.

நான் மேலே வந்து ஜன்னலில் நின்றேன். பன்னிரண்டு இருபத்துமூன்றுக்கு வெள்ளைக் கார் முனையில் வந்து நின்றது. ஒன்பது நிமிடம். தூண் இறங்கவில்லை. அவர் இறங்கி அங்கே உள்ள பேசுகிற பெட்டியின் பொத்தானை அமுக்கினார். திரும்பத் திரும்ப அமுக்கினார். உங்கள் வாகனம் பதிவில் இல்லை என்று சொல்லியிருக்கிறது. உள்ளே நோயாளி இருக்கிறார் என்றாராம். காத்திருங்கள், அதிகாரியிடம் கேட்கிறோம் என்றதாம். காத்திருந்தார். அவர் இரண்டு கையையும் தூண்மேல் வைத்து அழுத்தியதை இங்கிருந்தே பார்த்தேன். இரும்பைக் கையால் அமுக்கினால் இறங்குமா?

நாலு நிமிடம் கழித்துக் காரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். மாடிப்படியில் அவர் மூச்சும் உன் அப்பா மூச்சும் ஒரே மாதிரி இருந்தது. முதுகில் தூக்கிக்கொண்டார். நான் அப்பாவின் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இறங்கி நடப்பார் என்று நினைத்திருப்பேன்.

தெரு முழுக்கக் கூட்டம். நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. யாரோ ஒருவன் போனில் படம் பிடித்தான். அவன் சட்டை பச்சை. இருநூறு காலடி போயிருப்போம். "ஜட்ஜம்மா வர்றாளா பாரு" என்று அப்பா கேட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை, பிறகுதான் உன் வீட்டுக்காரர் சொன்னார். கண்ணாடிக் கடைக்கு எதிரில் அவர் கழுத்தைச் சுற்றியிருந்த அப்பாவின் கை நழுவித் தொங்கியது. உன் வீட்டுக்காரர் நிற்கவில்லை. காரில் வைத்தார், ஓட்டினார். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பையன், வழியிலேயே போயிடுச்சு என்றான். அப்போது பன்னிரண்டு நாற்பத்தேழு.

செருப்பு என் மடியில் இருந்தது. இதுதான் நடந்தது. ஒன்றையும் விடவில்லை.

அம்மா

ஜூலை 25

அம்மா,

உன் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். நாலு நிமிடம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

நாலு நிமிடம் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், அப்பாவுக்கு வந்தால் நிமிடக் கணக்கு என்று. இறங்கியதும் ஓடியிருந்தால்? அந்த நாலு நிமிடத்தில் நான் இங்கே எத்தனை பேரை மீட்டிருக்கிறேன் தெரியுமா? அவரிடம் கேட்டேன். "ஆமா, நின்னேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை. இப்போது அவர் போன் செய்தால் நான் எடுப்பதில்லை. டிசம்பரில் இங்கே வருவதாக இருந்தார். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. அந்த ஆபீசையும் நான் விடப்போவதில்லை. இரண்டு வண்டிக்கு விதி இருக்கும்போது ஒன்றுதான் என்று சொன்ன அந்தக் கண்ணாடிக்காரி மேல் புகார் எழுதப்போகிறேன். நீல ஃபைலில் இருக்கிற நகலை எனக்கு அனுப்பு.

உன் மகள்

ஆகஸ்ட் 9

என் மகளுக்கு,

நீல ஃபைல் கிடைக்கவில்லை. அந்தக் களேபரத்தில் எங்கே போனதோ. என் கண்ணும் முன்னைப் போல் இல்லை.

புகார் எதற்கு? போன உயிர் காகிதத்தில் திரும்புமா? அந்தப் பெண் எனக்கு நாற்காலி போட்டாள் என்று எழுதியிருந்தேனே.

உன் வீட்டுக்காரரைப் பற்றி நீ எழுதியது கொஞ்சம் கூடுதல். எனக்கு அவரைப் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் முதுகில் ஒரு ஆளைச் சுமந்துகொண்டு அவர் ஓடியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். சட்டை கிழிந்திருந்தது. சனிக்கிழமை தவறாமல் வருகிறார். வந்து அப்பா கட்டிலைப் பார்க்காத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருகிறார். இளைத்துவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

அம்மா

ஆகஸ்ட் 28

அம்மா,

நகல் இல்லாமலே புகார் அனுப்பிவிட்டேன். பதில் வந்துவிட்டது. விண்ணப்பத்தில் ஒரு வாகனம்தான் குறிப்பிடப்பட்டிருந்தது என்கிறார்கள். பொய். அவள் எழுத விடாமல் செய்துவிட்டு, இப்போது நீ எழுதவில்லை என்கிறார்கள். விசாரணை முடியும்வரை அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டார்களாம். எனக்கு அது போதாது. உன் நகலில் ஏதாவது குறிப்பு இருக்கும். வீட்டைப் புரட்டிப் போட்டாவது தேடு.

அவருக்கும் எழுதிவிட்டேன். என்னால் இனி சேர்ந்து வாழ முடியாது என்று. எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தத் தூண்தான் தெரியும்.

எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான் அம்மா. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகள்

செப்டம்பர் 12

மகளே,

நகலை இதோடு வைத்திருக்கிறேன். ஃபைல் தொலையவில்லை. என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

இரண்டாவது வாகனம் என்ற வரியைப் பார். அதில் "இல்லை" என்று எழுதியிருக்கிறதே, அது என் கையெழுத்து. கவுண்டர்ப் பெண் ஒன்றும் மறுக்கவில்லை. அந்த வரி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அவளேதான் கேட்டாள். "ரெண்டாவது வண்டி இருந்தா போட்டுடுங்க பாட்டி, அவசரத்துக்கு ஆகும்" என்றாள். பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்ததும் அவள்தான். உன் வீட்டுக்காரரின் கார் நம்பர் நாலாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்று. அன்றைக்கும் எனக்குத் தெரியும். அது வாசலில் வந்து நின்ற முதல் நாளிலிருந்தே தெரியும். அவள் பேனாவைக் கொடுத்தபோது நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது என் காதில் அந்தச் சிரிப்புக் கேட்டது. போனது போக மிச்சம் இருக்கிற காதில் அது மட்டும் நன்றாகக் கேட்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளின் காகிதத்தில் அவருக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். "இல்லை" என்று எழுதினேன். எவ்வளவு திருத்தமாக எழுதியிருக்கிறேன் பார். அவள் அச்சடித்த மாதிரி என்றாளே, அதற்கு அப்புறம் எழுதிய வார்த்தை அது ஒன்றுதான். இன்னும் அழகாக இருக்கட்டும் என்று மெதுவாக எழுதினேன்.

உனக்கும் அவருக்கும் பொய் சொன்னேன். அன்றைக்கு ஜன்னலில் நின்றபோது எனக்குத் தெரியும், தூண் இறங்காது என்று. நாலு நிமிடம் அவர் நின்றார் என்று எழுதினேன். ஏன் நின்றார் என்று எழுதவில்லை. தன் நம்பரும் எங்கேயாவது இருக்கும், யாராவது இரக்கப்பட்டு இறக்குவார்கள் என்று நம்பி நின்றார். ஒன்பதாவது நிமிடத்தில் கார் வாசலுக்கு வந்திருக்கும். உன் அப்பா பிழைத்திருப்பாரா என்று நர்சு நீதான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டாலும் சரி.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன சனிக்கிழமை சொன்னேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் முழுக்கக் குடித்து முடித்தார். பிறகு என் வலது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"தெரியும் அத்தை" என்றார்.

இறப்புச் சான்றிதழுக்கு அப்பாவின் காகிதம் வேண்டும் என்று மூன்றாம் நாளே நீல ஃபைலை எடுத்திருக்கிறார். பார்த்திருக்கிறார். மடித்து வைத்துவிட்டார். நீ அங்கே வாசலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

பின்னே ஏன் என் மகளிடம் சொல்லவில்லை, இத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டு ஊமையாக ஏன் இருந்தீர்கள் என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

"அப்பா போயிட்டாரு. அம்மாவும் இல்லேன்னு நான் போய்ச் சொல்லணுமா?" என்றார்.

இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. உள்ளதை எழுதுகிறேன். இதையும் எனக்கு முன்னால் அவர் படித்து முடித்துவிட்டாரே என்று வந்தது. அப்படிப்பட்டவள் நான். அவர் போன பிறகு செருப்பைத் துடைத்து வைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை இரண்டு பஸ் மாறி அந்த ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண் குற்றமற்றவள், நான்தான் பொய் சொன்னேன் என்று பெரிய அதிகாரியிடம் சொன்னேன். எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதினேன். ஒன்றரைப் பக்கம், இரண்டு மணி நேரம் ஆனது. யாரும் சிரிக்கவில்லை. அவள் உள்ளறையில் ஃபைல் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நாற்காலி போடவில்லை.

மாப்பிள்ளை மேல் உனக்கு இருக்கிற கோபத்தை எடுத்து என் பேரில் எழுதிக்கொள். அது என்னுடையது.

அம்மா

டிசம்பர் 3

மகளே,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. அக்டோபரில் ஒன்று போட்டேன், நவம்பரில் ஒன்று போட்டேன். தபால்காரரைக் கேட்டுவிட்டேன், அவர் மேல் தப்பில்லை.

உன் கடிதம் மாப்பிள்ளைக்கு வந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை. சட்டைப் பையில் உறை தெரிந்தது, வெளிநாட்டுத் தபால்தலை, உன் கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. இருபதாம் தேதி அங்கே வருகிறாராம். பெட்டியை எடுத்துத் தட்டி வைத்திருக்கிறார். சின்னவளுக்கு ஒரு கவுன் தைக்கக் கீழே கொடுத்திருக்கிறேன். யார் கொடுத்தது என்று அவளிடம் சொல்லவேண்டாம் என்றால் சொல்லவேண்டாம்.

பெர்மிட்டைப் புதுப்பிக்கச் சொல்லி ஆபீசிலிருந்து மறுபடியும் காகிதம் வந்தது. செப்டம்பரிலும் வந்தது. அப்பா போனதை அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை போலிருக்கிறது. நோயாளியின் நிலையில் மாற்றம் உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. உண்டு என்று குறித்தேன். அதற்குக் கீழே முதல் வாகனம், இரண்டாவது வாகனம். இரண்டாவதில் நாலு ஏழு மூன்று ஒன்று என்று எழுதினேன். அனுப்பவில்லை. அப்பா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நீ என் வயிற்றில் பிறந்தவள். எனக்கு மறக்காது என்றால் உனக்கும் மறக்காது. கேஸை அவசரமாக முடி என்று கேட்க எனக்கு வாயில்லை. எனக்கே பதினைந்து வருஷம் பிடித்தது, முடித்ததும் நானாக இல்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது என்பதை மட்டும் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்.

இப்போதெல்லாம் மாலையில் ஜன்னலில் உட்காருகிறேன். ஆறு அடித்ததும் மூன்று தூணும் ஒரே நேரத்தில் உள்ளே போகின்றன. காய்கறி வண்டி வருகிறது, குப்பை வண்டி வருகிறது, யார் யாரோ வருகிறார்கள். எவர் நம்பரையும் கேமரா படிப்பதில்லை.

எப்போதாவது வருவதாக இருந்தால் ஆறு மணிக்கு மேல் வா. வண்டி வாசல்வரை வரும்.

அம்மா